கோணிப்போன கரைகள்

1494 ஜூன் 12. கியூபாவின் தென்கரையோரம் மூன்று சிறு கப்பல்கள் நின்றிருந்தன. கொலம்பஸின் ஆணைப்படி பத்திர எழுத்தர் ஒருவர் ஒவ்வொரு கப்பலாக ஏறி, மாலுமிகளிடம் ஒரே சத்தியத்தை வாங்கினார். இந்தக் கரை தீவின் கரை அல்ல, ஆசியப் பெருநிலத்தின் கரை என்பது சத்தியத்தின் சாரம். பின்னாளில் எவராவது மாற்றிச் சொன்னால் 10,000 மரவேடி அபராதம், கூடவே நாக்கையும் அறுப்பார்கள். பூகோளத்தை நாக்கறுக்கும் தண்டனையால் தீர்த்துவிடலாம் என்று நம்பிய காலம் அது.

அன்று சத்தியம் செய்தவர்களில் ஹுவான் தெ லா கோசா என்பவரும் உண்டு. பத்திரத்தில் அவருடைய தொழில் ‘கடல் வரைபடம் செய்பவர்’ என்று பதிவாகியிருக்கிறது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1500இல், ஸ்பெயினின் புவெர்த்தோ தெ சாந்தா மரியா துறைமுகத்தில் உட்கார்ந்து அதே பெயருடைய ஒருவர் மாட்டுத்தோலில் ஓர் உலகப்படம் வரைந்தார். இருவரும் ஒருவர்தானா என்று கேட்கும் ஆய்வாளர்கள் உண்டு. ஒருவரே என்பது பெரும்பான்மைக் கருத்து. ஏறக்குறைய ஆறடி நீளமுள்ள அந்தத் தோலில் கியூபா நாலாபுறமும் நீர் சூழ்ந்த தீவாக, மேற்கு முனை கொக்கிபோல் வளைந்து, தெளிவாக இருக்கிறது. ஸ்பானியர்கள் கியூபாவைக் கப்பலில் முழுதாகச் சுற்றிவந்தது 1508இல்தான் என்பது வரலாற்றுப் பதிவு. அப்படியானால் இவருக்கு எப்படித் தெரிந்தது? பதிவாகாத பயணம் ஏதாவது நடந்திருக்கலாம். ஆனால் அது தீவு என்று அங்கு வாழ்ந்த தைனோ மக்கள் 1492லேயே சொல்லியிருந்தார்கள். அதைக் காதில் போட்டுக்கொண்டவர் ஒருவராவது இருந்திருப்பார்.

அமெரிக்கக் கரையின் ஆரம்பகால ஐரோப்பிய வரைபடங்களைப் பார்க்கும் நமக்கு இரண்டு பழக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, ‘பாவம், எவ்வளவு தப்பாக வரைந்திருக்கிறார்கள்’ என்று சிரிப்பது. மற்றது, ‘இது எப்படி அன்றே தெரிந்தது?’ என்று மாயம் கற்பிப்பது. இரண்டுமே படத்தைப் படிக்காமல் தப்பிக்கும் வழிகள். இந்தப் படங்களில் உள்ள ஒவ்வொரு கோட்டிலும் நேரில் கண்டது கொஞ்சம், காதால் கேட்டது கொஞ்சம், இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஆசைப்பட்டது கொஞ்சம் கலந்திருக்கிறது. எந்த இடத்தில் எது தூக்கலாக இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், கோணல்மாணலான கரையும் தன் கதையைச் சொல்லத் தொடங்கிவிடும்.

முதலில் கண்டதைப் பார்ப்போம். கப்பலில் நிற்பவன் கரையை எப்படி அளந்தான்?

அவனிடம் இருந்த கருவிகள் சொற்பம். திசைக்குக் காந்த ஊசி. நேரத்துக்கு அரைமணி மணல்கடிகை. அதை மறக்காமல் கவிழ்த்து வைப்பது கப்பல் பையன்களின் வேலை. வேகத்துக்குக் கண்மதிப்புத்தான். நீரில் ஓடும் நுரையைப் பார்த்து, மணிக்கு இத்தனை மைல் என்று மீகாமன் சொல்வதே கணக்கு. முடிச்சுக் கயிற்றை வீசி வேகத்தை அளக்கும் முறை அச்சில் முதன்முதலாக விவரிக்கப்பட்டதே 1574இல்தான். வேகத்தையும் நேரத்தையும் பெருக்கி, ஊசி காட்டிய திசையில், நேற்றிருந்த புள்ளியிலிருந்து இன்றைய புள்ளிக்குக் கோடு இழுப்பார்கள். நேற்றைய பிழை இன்றைய கணக்கில் ஏறும், இன்றைய பிழை நாளைக்கு.

இதற்கு ஒரு கடிவாளம் இருந்தது. நண்பகல் சூரியனின் உயரத்தையோ துருவ நட்சத்திரத்தின் உயரத்தையோ அளந்தால் வடக்கு-தெற்கில் எங்கே நிற்கிறோம் என்ற அட்சரேகை கிடைத்துவிடும். ஆனால் ஆடும் தளத்தில் நின்று அளக்க வேண்டும்; அரை பாகை தப்பினால் தரையில் 55 கிலோமீட்டர் போய்விடும். கரையில் இறங்கி அளந்தால் நன்றாகவே வரும். தீர்க்கரேகைக்கோ வழியே இல்லை. கிழக்கு-மேற்கு தூரம் அறிய, புறப்பட்ட ஊரில் இப்போது மணி என்ன என்று தெரிய வேண்டும். அலையாட்டத்தில் நேரம் தவறாமல் ஓடும் கடிகாரம் 18ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அதனால்தான் பழைய படங்களில் முனைகளும் முகத்துவாரங்களும் வடக்கு-தெற்கு வரிசையில் ஓரளவு ஒழுங்காக இருக்கும். கிழக்கு-மேற்காகப் பார்த்தால் கண்டம் ரப்பரைப்போல் நீண்டும் சுருங்கியும் கிடக்கும்.

காந்த ஊசியிலும் ஒரு சூது உண்டு. அது உண்மையான வடக்கைக் காட்டுவதில்லை; இடத்துக்கு இடம் கொஞ்சம் விலகி நிற்கும். அட்லாண்டிக்கின் நடுவே ஊசி விலகுவதை 1492 செப்டம்பரிலேயே கொலம்பஸ் கவனித்தார். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து அருகே அந்த விலகல் மேற்குப் பக்கமாக 20 பாகையைத் தொட்டிருந்தது. இதன் விளைவு என்ன? அந்தக் கரை உண்மையில் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சரிகிறது. ஊசியை நம்பி அதையொட்டிப் போகிறவனுக்கு, தான் ஏறக்குறைய மேற்கே போவதாகத் தோன்றும். அப்படியே வரைவான். பழைய படங்களில் வட அமெரிக்கக் கரை படுத்துக்கிடப்பதுபோல் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கை நடுக்கமோ கற்பனையோ அல்ல, கருவி சொன்னதை நேர்மையாக எழுதியதன் விளைவு.

இந்தச் சிக்கலை உணர்ந்த ஒருவர் செய்த வேலை அழகானது. போர்ச்சுகீசியரான பெத்ரோ ரெய்னெல் 1504 வாக்கில் வரைந்த கடற்படத்தில், வழக்கமான அட்சரேகை அளவுகோலோடு நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே சாய்ந்த அளவுகோல் ஒன்றையும் போட்டார். கரையை மாற்றி வரையவில்லை. மாலுமிகள் ஊசிக்கணக்கில்தான் ஓட்டுவார்கள். அவர்களுக்கு அந்தக் கோணல் கரையே பயன்படும். ஆனால் உண்மையான அட்சரேகை தேவைப்பட்டால் இந்தச் சாய்ந்த கோலில் பார்த்துக்கொள்ளலாம். தப்பு எவ்வளவு என்று தெரிந்து, அதைத் திருத்தாமல், தப்பின் அளவையும் படத்திலேயே எழுதிவைத்த மனிதர் அவர். அவரை அறியாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கண்டதற்குப் பெயர் வைத்த விதமும் படிக்கத்தக்கது. 1501-02இல் போர்ச்சுகீசியக் கப்பல்கள் பிரேசில் கரையோரம் வடக்கிலிருந்து தெற்கே இறங்கின. அமெரிகோ வெஸ்புச்சி அந்தப் பயணத்தில் இருந்தார். கையில் கத்தோலிக்கத் திருநாள் பட்டியல் இருந்தது. எந்தப் புனிதரின் நாளில் எந்த இடம் தட்டுப்பட்டதோ அந்த இடத்துக்கு அவர் பெயர். ஆகஸ்ட் 16, புனித ரோக்கின் நாள்: சாவ் ரோக் முனை. ஆகஸ்ட் 28: சாந்து அகொஸ்தீன்யு முனை. அக்டோபர் 4: சாவ் பிரான்சிஸ்கு ஆறு. நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள்: அனைத்துப் புனிதர் வளைகுடா. 1502 ஜனவரி 1 அன்று கண்ட நீர்வாய்க்கு ‘ஜனவரி ஆறு’, ரியோ தெ ஜனெய்ரு. ஜனவரி 6, மூன்று அரசர்கள் திருநாள்: அங்க்ரா தொஸ் ரெய்ஸ். இன்றைய பிரேசில் படத்தை எடுத்து வடக்கிலிருந்து தெற்காக விரலை ஓட்டினால், ஐந்து மாதக் காலண்டரைப் புரட்டிய மாதிரி இருக்கும். கப்பல் என்ன வேகத்தில் போனது என்பதைக்கூட அதில் கணக்கிடலாம்.

இதில் ரியோ ஆறே அல்ல, ஒரு விரிகுடா. துப்பி மொழி பேசிய மக்கள் அதை குவானபாரா என்று அழைத்தார்கள். நகரம் ஜனவரி ஆறாகிவிட்டாலும் விரிகுடா இன்றும் குவானபாராதான். இதே காலண்டர் வழக்கம் ஆப்பிரிக்கக் கரையிலும் நடந்தது. 1497 கிறிஸ்துமஸில் வாஸ்கோ ட காமா கடந்த கரைக்கு, கிறிஸ்து பிறப்பைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லால் நேட்டால் என்று பெயர் வந்தது. 1860இல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்கள் போய் இறங்கியது அந்த நேட்டாலில்தான். ஒரு மாலுமியின் டிசம்பர் மாதம் நம் குடும்பக் கதைகளுக்குள்ளும் வந்துவிட்டது.

இனி ஆசைக்கு வருவோம். கரை எங்கே இருக்கிறது என்பது அறிவுக் கேள்வியாக மட்டும் இருந்ததில்லை. அது யாருடையது என்ற வழக்கும் கூடவே வந்தது. 1494இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் தோர்தெசியாஸ் உடன்படிக்கையில், கேப் வெர்டே தீவுகளுக்கு மேற்கே 370 லீக் தொலைவில் ஒரு கோட்டைப் போட்டு, கோட்டுக்குக் கிழக்கே போர்ச்சுகலுக்கு, மேற்கே ஸ்பெயினுக்கு என்று உலகைப் பங்கு பிரித்துக்கொண்டன. கோட்டைப் போட்டாயிற்று, அதை அளக்கும் வழிதான் ஒருவரிடமும் இல்லை. தீர்க்கரேகை தெரியாத உலகில் தீர்க்கரேகையால் பாகப்பிரிவினை!

1502இல் லிஸ்பனில் வரைந்த கந்தீனோ படத்தில் இதன் பலனைக் காணலாம். அல்பெர்த்தோ கந்தீனோ என்பவர் இத்தாலியின் ஃபெராரா பிரபுவின் ஆள். 12 பொன் டுகாட் கொடுத்து, போர்ச்சுகீசிய அரசின் தகவல்களைக் கொண்ட இந்தப் படத்தை வரைவித்து, கமுக்கமாக இத்தாலிக்குக் கொண்டுபோனார். அதில் நியூஃபவுண்ட்லாந்து நெடிய மரங்கள் நிறைந்த தீவாக, கோட்டுக்குக் கிழக்கே, போர்ச்சுகல் மன்னரின் நிலம் என்ற குறிப்போடு நிற்கிறது. உண்மையில் அந்த நிலம் கோட்டுக்கு மேற்கே விழும். இது கணக்குப் பிழையா, கணக்குப் பண்ணிச் செய்த பிழையா? அளக்கவே முடியாத இடத்தில் சந்தேகத்தின் பலனை அவரவர் தங்களுக்கே கொடுத்துக்கொண்டார்கள் என்பதே பொருத்தமான தீர்ப்பு. (இந்த விலைமதிப்பில்லாத படம் 19ஆம் நூற்றாண்டில் மொடெனா நகரின் இறைச்சிக்கடை ஒன்றில் தடுப்புத்திரையாகக் கிடந்து மீண்டது.)

ஸ்பெயின் அரசு வரைபட வேலையை அலுவலக ஒழுங்குக்குள் கொண்டுவர முயன்றது. செவில் நகரில் 1503இல் தொடங்கிய வாணிப மன்றத்தில், 1508இல் வெஸ்புச்சி தலைமை மீகாமனாக அமர்த்தப்பட்டார். திரும்பிவரும் மீகாமன்கள் புதிதாகக் கண்டதைச் சொல்ல வேண்டும்; அரசின் மூலப்படத்தில் அது ஏறும்; மற்ற கடற்படங்கள் அதைப் பார்த்தே பிரதியெடுக்கப்படும். நல்ல ஏற்பாடு. ஆனால் மூலப்படம் அரச ரகசியம். ஆகவே வெளியே அச்சில் வந்த படங்கள், கிடைத்த கடிதங்களையும் கைமாறிய பிரதிகளையும் வைத்தே செய்யப்பட்டன. அமெரிக்கா என்ற பெயரை முதலில் தாங்கிய 1507ஆம் ஆண்டுப் படத்தை மார்ட்டின் வால்ட்ஸேமுல்லர் உருவாக்கியது எந்தத் துறைமுகத்திலும் இல்லை. கடலிலிருந்து வெகுதூரத்தில், லொரேன் பகுதியின் சாந்-தியே என்ற மலையடிவார ஊரில். வெஸ்புச்சியின் பெயரில் உலவிய கடிதத்தைப் படித்து அந்தப் பெயரைச் சூட்டியவர், 1513 பதிப்பில் அதை எடுத்துவிட்டு, கண்டவர் கொலம்பஸ் என்று குறிப்பெழுதினார். அதற்குள் 1507 படத்தின் அச்சுப் பிரதிகள் ஊர் ஊராகப் போய்விட்டன. 1538இல் மெர்காட்டர் அந்தப் பெயரை வட கண்டத்துக்கும் சேர்த்து எழுதினார்.

ஆசை ஒரு கடலையே உண்டாக்கிய கதை இனிமேல்தான். 1524இல் ஜொவான்னி த வெரத்ஸானோ என்ற இத்தாலியர், பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவுக்காக வட அமெரிக்கக் கரையை ஆராயப் போனார். லியோன் நகரப் பட்டு வணிகர்களின் பணமும் அதில் இருந்தது. பட்டு வணிகர்களுக்கு என்ன வேண்டும்? சீனாவுக்குக் குறுக்குவழி. இன்றைய வட கரோலைனா கரைக்கு வெளியே நீண்டு மெலிந்த மணல்திட்டுகள் கடலுக்கு வேலிபோட்டதுபோல் கிடக்கின்றன. அவற்றுக்கு அப்பால் பாம்லிகோ என்ற பெருங்காயல். சில இடங்களில் அதன் அகலம் 40 கிலோமீட்டர்வரை போகும். கப்பலின் பாய்மர உச்சியில், 15 மீட்டர் உயரத்தில் ஏறி நின்றாலும் சுமார் 14 கிலோமீட்டருக்கு மேல் தொடுவானம் கிடைக்காது. தாழ்ந்த சதுப்புக் கரை கண்ணுக்கே படாது. ஒரு மைல் அகல மணல், அதற்கப்பால் எல்லையற்ற நீர். வெரத்ஸானோ அதைக் கீழ்த்திசைக் கடல், சீனத்தைத் தொடும் கடல் என்று முடிவுகட்டி மன்னருக்கு எழுதினார். உள்ளே நுழைய வழி தேடியும் கிடைக்கவில்லை என்பதையும் எழுதினார்.

அவர் பொய் சொல்லவில்லை. கண்ட நீர் உண்மை. அதற்கு அவர் கொடுத்த பெயர்தான் ஆசை. வரைபடக்காரர்கள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். 1527இல் மஜ்ஜோலோவும், 1529இல் வெரத்ஸானோவின் தம்பி ஜிரோலமோவும் வட அமெரிக்காவின் நடுவே ஒரு பெருங்கடலைப் புகுத்தி, கண்டத்தை ஒட்டியாணம் கட்டிய இடுப்பைப்போல் ஒடுக்கினார்கள். அதே 1529இல், ஸ்பானிய அரசின் மூலப்படத்தையொட்டி தியோகோ ரிபெய்ரோ வரைந்த படத்தில் அந்தக் கடல் இல்லை. கரையோரம் எஸ்தேவான் கோமெஸ் போன்றோர் கண்டுவந்த பகுதிகள் பெயரோடு நிற்கின்றன. அதற்கு மேற்கே வெறும் தோல். ஒரே ஆண்டு, ஒரே கரை. ஒருவர் தெரியாததைக் கடலால் நிரப்பினார், மற்றவர் வெறுமையாக விட்டார். பார்வைக்கு ரிபெய்ரோவின் படம் ஏமாற்றமளிக்கும். எனக்கு அந்த வெற்றிடத்தின் மேல் பெரிய மரியாதை.

இல்லாத கடல் எளிதில் வற்றவில்லை. 1540இல் மூன்ஸ்டரின் அச்சுப்படத்தில் இருந்தது, 1582இல் லண்டனில் மைக்கேல் லாக் வெளியிட்ட படத்திலும் இருந்தது. 1606இல் வர்ஜீனியாவுக்குக் குடியேறப் புறப்பட்டவர்களுக்கு வணிகக் கம்பெனி கொடுத்த அறிவுரையில், வடமேற்கே வளையும் ஆறாகப் பார்த்துக் குடியேறுங்கள், மறுபக்கக் கடலை விரைவில் அடையலாம் என்று இருந்தது. 1651இல் அச்சான வர்ஜீனியா படம் ஒன்று, ஜேம்ஸ் ஆற்றின் தலைப்பிலிருந்து பத்து நாள் நடையில் சீனக் கடல் என்று அடித்துச் சொல்கிறது. உண்மையில் அங்கிருந்து பசிபிக் கரை கிட்டத்தட்ட நாலாயிரம் கிலோமீட்டர் தொலைவில்.

காலம் போகப் போகப் படங்கள் திருந்தும் என்ற நம்பிக்கைக்கும் இங்கே அடி விழுகிறது. 1539இல் பிரான்சிஸ்கோ தெ உல்யோவா கலிபோர்னிய வளைகுடாவின் தலைப்புவரை போய், கீழ்க் கலிபோர்னியா நிலத்தோடு ஒட்டியது என்று கண்டார். 16ஆம் நூற்றாண்டின் நல்ல படங்களில் அது தீபகற்பம். 17ஆம் நூற்றாண்டில் அது தீவாகிப்போனது. நூறாண்டுக்கு மேல் தீவாகவே அச்சானது. கடைசியில் 1747இல், அது தீவல்ல என்று ஸ்பெயின் மன்னர் அரசாணையே போட வேண்டியிருந்தது.

மாயம் கற்பிக்கும் கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. உஸ்மானியக் கடற்படைத் தலைவர் பீரி ரெய்ஸ் 1513இல் வரைந்த படத்தின் ஒரு துண்டு 1929இல் இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் கிடைத்தது. அதன் அடிப்பகுதியில் கிழக்கே வளையும் கரை, பனி மூடுவதற்கு முந்தைய அண்டார்டிகா என்று இன்றும் சுற்றுக்கு வருகிறது. பீரி ரெய்ஸே தன் மூலங்களைப் படத்தில் எழுதிவைத்திருக்கிறார்: பழைய படங்கள், போர்ச்சுகீசியப் படங்கள், கொலம்பஸின் படம் ஒன்று. தென் அமெரிக்கக் கரை தோலின் ஓரத்துக்கு வந்தபோது வளைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும், தென்முனையில் நிலம் உண்டு என்ற பழைய ஊகம் கலந்திருக்கலாம் என்பதும் எளிய விளக்கங்கள். மூலத்தை மறைக்காமல் சொன்ன மனிதரிடம் போய், வேற்றுக்கிரகவாசி சொன்னானா என்று கேட்பது அவமரியாதை.

கேட்டது என்று சொன்னேன் அல்லவா, இந்தப் படங்களில் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதி அதுதான். 1605 ஜூலையில் இன்றைய பாஸ்டனுக்கு வடக்கே உள்ள ஆன் முனையில், பிரெஞ்சுக்காரர் சாம்ப்ளேன் அங்கிருந்த மக்களிடம் கரித்துண்டால் தான் கண்ட கரையை வரைந்து காட்டினார். அவர்கள் அதே கரித்துண்டை வாங்கி, அவர் இன்னும் காணாத அடுத்த வளைகுடாவை வரைந்தார்கள். ஆறு கூழாங்கற்களைச் சம இடைவெளியில் வைத்து, அங்கே அத்தனை தலைவர்கள், அத்தனை கூட்டங்கள் என்று காட்டினார்கள். சாம்ப்ளேன் கவனிக்காமலே கடந்துவந்துவிட்ட ஓர் ஆற்றையும் வரைந்தார்கள். கூழாங்கல் வைத்தவர்களின் பெயர் ஒன்றுகூட அவருடைய குறிப்பில் இல்லை.

அந்தக் கடனை ஓரளவாவது ஒப்புக்கொண்ட படம் ஒன்று உண்டு. 1608 கோடையில் ஜான் ஸ்மித் பதினான்கு பேர் அளவிலான கூட்டத்தோடு திறந்த படகில் செசபீக் விரிகுடாவை இருமுறை சுற்றினார். 1612இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளியான அவருடைய வர்ஜீனியா படத்தில் மேற்கு மேலே இருக்கும். ஆறுகளின் மேல்பகுதிகளில் சின்னச் சின்னச் சிலுவைக் குறிகள். சிலுவைவரை நாங்கள் நேரில் போனது, அதற்கு அப்பால் இங்குள்ள மக்கள் சொன்னது என்று படத்தின் குறிப்பு விளக்குகிறது. அந்தச் சிலுவைகளுக்கு அப்பால் இருக்கும் ஆறுகள், மலைகள், ஊர்கள் அனைத்தும் பவ்ஹாட்டனும் சஸ்குவெஹானக்கும் உள்ளிட்ட மக்கள் தந்தவை. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு வர்ஜீனியாவை வரைந்தவர்கள் ஸ்மித்தின் படத்தைத்தான் பார்த்து வரைந்தார்கள். பலருடைய பிரதிகளில் ஆறுகளும் ஊர்ப்பெயர்களும் இருக்கின்றன, சிலுவைகளைக் காணோம்.